பகுதி சபையில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது: வடசென்னை வாக்காளருக்கான விளக்கம்

கிராம சபையைப் பற்றித் தெரியாதவர் தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. நகரத்தில் அதற்கு இணையாகப் பகுதி சபை என்று ஒன்று சட்டப்படி இருப்பதும், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதில் உறுப்பினர் என்பதும் பலருக்கும் தெரியாது. நலச்சங்கங்கள் வலுவாக உள்ள அண்ணா நகர், அடையாறு போன்ற இடங்களில் சங்கத்தின் கடிதமே அதிகாரிகளின் மேசைக்குப் போய்விடும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் போன்ற பகுதிகளின் நெருக்கமான தெருக்களில் அத்தகைய சங்கங்கள் குறைவு என்பதால், பகுதி சபையின் பயன் அங்கேதான் கூடுதல்.

இதன் வேர் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தத்தில் இருக்கிறது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகராட்சி அமைப்புகளில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று 243எஸ் பிரிவு சொல்கிறது. ஒரு வார்டுக்கு ஒரு குழுவாகவும் அமைக்கலாம், பல வார்டுகளைச் சேர்த்து ஒரே குழுவாகவும் அமைக்கலாம் என்று அப்பிரிவு இடம் கொடுத்ததால், சென்னையில் நீண்ட காலம் மண்டலக் குழுக்களே போதும் என்று விடப்பட்டது. பகுதி சபைக்கும் வார்டு குழுவுக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தில் 2010இல் இடம் தரப்பட்டது. அதற்கான விதிகள் 2022ஆம் ஆண்டுதான் வெளியாயின. இடையில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னைக்கு மாமன்றமே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தெருவில் உள்ளவர் சொல்வதைப் பதிவு செய்ய எந்தச் சபையும் இல்லாமல் எவ்வளவு காலம் போயிருக்கிறது என்பது விளங்கும். உள்ளாட்சி தினமான 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முதலாக மாநிலம் முழுவதும் நடத்தப்பட்டன. அன்று தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

அமைப்பு எளிமையானது. பெருநகர சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் உள்ளன. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சி என்பதால் இங்கே ஒவ்வொரு வார்டும் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதிக்குள் வரும் வாக்காளர்கள் அனைவரும் அந்தப் பகுதி சபையின் உறுப்பினர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. இந்தப் பிரதிநிதிகளும், தலைவராக வார்டின் மாமன்ற உறுப்பினரும் சேர்ந்தது வார்டு குழு. பிரதிநிதியை வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. இது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் கவுன்சிலருக்கு வேண்டியவர்களே பத்துப் பகுதிகளுக்கும் பிரதிநிதிகளாக வந்துவிட இதில் வழியிருக்கிறது. ஆனாலும் சபையில் எழுந்து பேசுவதற்கு யாருடைய நியமனமும் தேவையில்லை. வாக்காளராக இருந்தால் போதும்.

ஆண்டுக்கு நான்கு முறை சபை கூட வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த வேலை முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தி வார்டு குழுவுக்கு அனுப்புவது, குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு ஆகியவற்றில் உள்ள குறைகளைச் சுட்டுவது, பொதுக்குழாயும் கழிப்பறையும் எங்கே அமைய வேண்டும் என்று பரிந்துரைப்பது, நலத்திட்டங்களுக்குத் தகுதியானவர்களை அடையாளம் காண உதவுவது ஆகியவை சபையின் பணிகள். நிதி ஒதுக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. வார்டு குழு வழியாக மாமன்றத்துக்கும் அதன் வரவு செலவுத் திட்டத்துக்கும் போகும் முன்னுரிமைப் பட்டியலின் முதல் வரி இங்கே எழுதப்படுகிறது என்பதே இதன் மதிப்பு.

கூட்டத்துக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியது, எந்த வேலை யாருடையது என்பதுதான். பெரும்பாலான மனுக்கள் தவறான அலுவலகத்துக்குப் போய் அங்கேயே படுத்துவிடுகின்றன. தெருவிளக்கு, உட்புறச் சாலை, குப்பை அகற்றுதல், மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், மயானம் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. புகார் எண் 1913. குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. புகார் எண் 1916. அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டிக் கொடுத்தது, 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று பெயர் கொண்டிருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மக்கள் பேச்சில் இன்றும் அவை ‘போர்டு வீடு’தான். போர்டு வீட்டின் சுவர் பெயர்ந்தால் அது வாரியத்தின் வேலை; அதன் வாசலுக்கு வெளியே உள்ள தெருவில் விளக்கு எரியாவிட்டால் அது மாநகராட்சியின் வேலை. பக்கிங்காம் கால்வாயோ மாநில நீர்வளத் துறையிடம் இருக்கிறது.

இந்தப் பிரிவினை எங்கே மக்களைப் படுத்துகிறது என்பதற்கு மழைநீர் வடிகாலே சரியான எடுத்துக்காட்டு. வடசென்னையின் பழைய தெருக்களில் கழிவுநீர்க் குழாய் அடைபட்டு மேன்ஹோல் பொங்கும்போது, நீர் பக்கத்து மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. சில வீடுகளின் கழிவுநீர் இணைப்பே நேரடியாக வடிகாலில் கொடுக்கப்பட்டிருக்கும். வடிகால் மழைக்கு முன்பே பாதி நிரம்பிவிடுவதால், ஒரு மணி நேர மழைக்கே தெருவில் கறுப்புத் தண்ணீர் ஏறுகிறது. மாநகராட்சிப் பொறியாளரைக் கேட்டால் கழிவுநீர் வாரியத்தின் பிரச்சினை என்பார். வாரியத்தைக் கேட்டால் வடிகாலைத் தூர்வார வேண்டியது மாநகராட்சி என்பார்கள். இருவர் சொல்வதும் பாதி உண்மை என்பதால்தான் வேலை நடப்பதில்லை. இத்தகைய பிரச்சினையைச் சபையில் எழுப்பும்போது ‘சாக்கடையைச் சரிசெய்ய வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் அது பதிவேட்டில் ஒரு வரியாக முடிந்துவிடும். வடிகாலில் கலக்கும் கழிவுநீர் இணைப்புகளைக் கண்டறிய மாநகராட்சி, குடிநீர் வாரியம் இரண்டின் உதவிப் பொறியாளர்களும் ஒரே நாளில் கூட்டாக ஆய்வு செய்ய வேண்டும் என்று கேட்பதும், அதற்கான நாளைச் சபையிலேயே குறிக்கச் சொல்வதும் பயன் தரும்.

கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். அதில் இடம் துல்லியமாக இருக்க வேண்டும். தெருவிளக்குக் கம்பத்தில் எழுதப்பட்டிருக்கும் எண்ணையும், மேன்ஹோல் எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே இருக்கிறது என்பதையும், தண்ணீர் எந்த அளவு வரை ஏறுகிறது என்பதையும் குறிப்பிட்டால், அதிகாரி ‘எந்த இடம் என்று தெரியவில்லை’ என்று சொல்ல முடியாது. முன்பே 1913இல் புகார் செய்திருந்தால் அதன் பதிவு எண்ணையும் சேர்க்க வேண்டும். ஒரே தெருவிலிருந்து இருபது பேர் இருபது கோரிக்கைகளை எழுப்புவதைவிட, தெருவில் பேசி மூன்றாகச் சுருக்கி வரிசைப்படுத்திக் கொண்டு போவது நல்லது. வரிசைப்படுத்தாத பட்டியலில் எதை எடுப்பது என்பதை அதிகாரியே முடிவு செய்துகொள்வார்.

வார்டின் எல்லைக்குள் தீராத பிரச்சினைகளும் உண்டு. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை என்ன செய்வது என்பதை மாமன்றமும் மாநில அரசும்தான் முடிவு செய்யும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் ஏற்பட்ட அமோனியா கசிவு போன்றவற்றில் நடவடிக்கை எடுக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட நிர்வாகமும் ஆகும். 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கான பெருந்தொகை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஒருங்கிணைப்பில் பல துறைகள் வழியாகச் செலவாகிறது. அதில் பகுதி சபைக்கு நேரடிப் பங்கு இல்லை. எனினும் தங்கள் பகுதியில் அந்தத் திட்டத்தின் கீழ் எந்த வேலை நடக்கிறது, எப்போது முடியும் என்று சபையில் கேட்பதற்குத் தடை ஏதுமில்லை. கேட்டது பதிவாகவும் வேண்டும்.

மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ மாறிய பின்னும் பழைய முகவரியிலேயே வாக்கு வைத்திருப்பவர்கள், தாங்கள் இப்போது குடியிருக்கும் இடத்தின் சபையில் உறுப்பினர் உரிமை கோர முடியாது. கண்ணகி நகர் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. பெரும்பாக்கம் ஊராட்சி; அங்கே உரிமை கிராம சபையில்.

கூட்டம் முடிந்த பின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். கூட்டம் நடந்த தேதி, வந்திருந்தவர்களின் எண்ணிக்கை, பதிவான கோரிக்கைகளின் நகல், ஒவ்வொன்றின் மீதும் எடுத்த நடவடிக்கை ஆகிய நான்கை மட்டும் கேட்டால் போதும். கூட்டமே நடக்காத பகுதிக்கும் இதே விண்ணப்பத்தை அனுப்பலாம். நடக்கவில்லை என்று எழுத்தில் வரும் பதிலை இணைத்து மாநகராட்சி ஆணையருக்கு மனு கொடுக்கலாம்.