பசையா, பற்றா?

காவேரிப்பட்டணத்தில் எதிர்வீட்டு அண்ணன் தன் நுரையீரல் கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டை நீட்டினார். "சிடி 56 பாசிட்டிவ்." கூடவே எங்கோ கிடைத்த தமிழ்த் துண்டறிக்கை, அதில் சிடி 56-க்கு "நரம்பணுப் பசைப் புரதம்" என்று விளக்கம். "பசைன்னா கரைக்க மருந்து இருக்கும்ல தம்பி?" என்றார். இந்தப் பசை என் கண்ணில் படுவது நாலாவது தடவை.

பசை என்று பெயர்க்கப்பட்ட ஆங்கில மூலச்சொல் 'அட்ஹீஷன்', லத்தீன் வேரில் ஒட்டிக்கொள்வது. 1970களில் கோழிக்கருவின் நரம்புத் திசுவில் அமெரிக்க விஞ்ஞானி ஜெரால்டு எடெல்மன் குழுவினர் கண்டெடுத்த இப்புரதத்துக்கு, அதாவது சிடி 56-க்கு, இன்னொரு சுருக்கப் பெயர் என்-கேம்.

போஸ்டர் ஒட்டும் மைதாப் பசைக்குச் சுவரும் ஒன்றுதான், மின்கம்பமும் ஒன்றுதான். என்-கேம் அடுத்த செல்லின் மேலுள்ள இன்னொரு என்-கேமைத் தேடிப் பிடிக்கும். விடவும் தெரியும் அதற்கு. கருவில் மூளை உருவாகும்போது பாலிசியாலிக் அமிலம் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி அதன்மேல் ஏறும், பிடி தளரும், நரம்பணு தன் இடத்துக்கு நகரும். வளர்ந்த மூளையில் பெரும்பாலான இடங்களில் சங்கிலி குறைந்து பிடி இறுகிவிடும். சிறுசெல் நுரையீரல் புற்றிலும், குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமாவிலும் பல கட்டிகள் அதே சங்கிலியை மறுபடி மாட்டிக்கொள்கின்றன. எந்தப் பசை இப்படிச் செய்யும்?

'ஒட்டுப் புரதம்' என்பாரும் உண்டு. பசைக்கு அது தேவலை. ஆனால் சந்தூர் நர்சரிப் பக்கம் 'ஒட்டு' என்றால் மாங்கன்று, சேர்ந்தபின் பிரியாது. இயற்பியல் பாடத்தில் அட்ஹீஷனுக்கு வரும் 'வேற்றினக் கவர்ச்சி' இன்னும் மோசம், இது தன் இனத்தை அல்லவா பிடிக்கிறது! அகராதியில் முதலில் தட்டுப்படும் சொல்லைப் பிய்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்ப்பதில்லை. நம்மிடம் 'பற்று' இருக்கிறது. பற்றலாம், பற்று விடலாம். 'நரம்பணுப் பற்றுப் புரதம்' என்றால் போதும். கணக்கில் பற்று வரவோடு குழம்புமே என்பார்கள். குழம்பாது, பக்கத்திலேயே புரதம் நிற்கிறது.

அண்ணனிடம், அது கட்டி எந்த வகை என்று அறியப் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று, கரைக்க வேண்டிய பொருள் இல்லை என்றேன். துண்டறிக்கையில் பசையை அடித்துப் 'பற்று' என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"பத்துப் பாத்திரம்னு சொல்றமே, அந்தப் பத்தா?"

"அதேதாங்க்கா."

"அப்ப ஊறவெச்சா விட்டுருமே."