உங்கள் போனஸ் யாருடைய பணம்?

ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் நேரடி விற்பனைத் திட்டத்துக்கு அழைப்பு வந்தால், "இந்தக் கம்பெனி சட்டப்படியானதா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். மார்ச் பிறந்தால் நேரடி விற்பனை முகவர்கள் கமிஷன் தாள்களோடு வந்துவிடுவார்கள். அவர்களிடம் நான் கேட்பது வேறு: உங்களுக்கு வந்த போனஸ் யார் கையிலிருந்து புறப்பட்டது?

எந்தத் திட்டத்திலும் சேராத ஒருவர், விலை கட்டுப்படியாகிறது என்று ஒரு சத்துமாவையோ சோப்பையோ வாங்கிப் பயன்படுத்துகிறார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு விற்றவருக்கும், அவரைத் திட்டத்தில் சேர்த்துவிட்ட 'அப்லைன்' எனும் மேலடுக்குக்காரருக்கும் போகிறது. இது பல்நிலை விற்பனை. பிரமிட் திட்டத்தில் அப்படி வெளியிலிருந்து வாங்குபவர் இருப்பதில்லை. இன்று சேர்ந்தவரின் பணம்தான் நேற்று சேர்ந்தவருக்குப் போனஸாகப் போகிறது. நடுவில் ஒரு 'பேக்கேஜ்' இருக்கும். உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

மலேசியாவில் 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது, பிரமிட் திட்டத்துக்கு எதிரான பிரிவுகள் அதில் சேர்ந்தன. சட்டத்தின் பெயரும் அதற்கேற்ப மாறியது. ஆள் சேர்ப்பதற்கே பெரும்பாலும் ஊக்கத்தொகை, தேவைக்கு மீறிய சரக்கைத் தலையில் கட்டுவது, பணத்தைத் திருப்பித் தராதது, ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களை வாங்குவது போன்ற அடையாளங்களைச் சட்டமே சொல்கிறது. தனிமனிதருக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 50 லட்சம் வெள்ளி வரை, அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். திட்டத்தைப் பரப்பி ஊக்குவிப்பதே குற்றம் என்பதைக் கவனியுங்கள். கொழுந்தியாளையும் கோயில் நண்பரையும் சேர்த்துவிட்டவர், "நானும் ஏமாந்தவன்தானே" என்று சொல்லி எளிதில் ஒதுங்கிவிட முடியாது.

"எஸ்எஸ்எம் பதிவு இருக்கிறது" என்று நிறுவனப் பதிவு ஆணையத்தின் சான்றிதழைக் காட்டுவார்கள். நாசி லெமாக் கடைக்கும் அந்தப் பதிவு உண்டு. நேரடி விற்பனைக்கு வேண்டியது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு தரும் ஏஜேஎல் உரிமம். உரிம எண்ணை அமைச்சிடமே சரிபாருங்கள். அதோடு, அமைச்சிடம் கொடுத்த விற்பனைத் திட்டமும் ஹோட்டல் அறையில் உங்களுக்கு விளக்கிய திட்டமும் ஒன்றுதானா என்றும் கேளுங்கள். உரிமத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, 'தலைவர்களுக்கு மட்டும்' என்று தனியாக ஒரு முதலீடு விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் மேசையில் எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுக் காட்டுவது சிபி58 என்ற படிவம். ஒரு முகவருக்கு ஆண்டில் 5,000 வெள்ளிக்கு மேல் கமிஷனோ வெகுமதியோ தந்த நிறுவனம், அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் இதைக் கொடுக்க வேண்டும். பணமாகத் தராத சுற்றுலா, கார் போன்ற வெகுமதிகளும் இதில் வரும். "மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கிறேன்" என்பவரிடம் சிபி58 இல்லையென்றால், அந்த வருமானம் வாயில் மட்டும் இருக்கலாம். அல்லது கணக்குக் காட்ட விரும்பாத இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

சிபி58 இருந்தாலும் அதில் உள்ள தொகை லாபமாகிவிடாது. பக்கத்து ஊரான பிறையிலிருந்து வரும் ஓர் அக்காவின் படிவத்தில் நல்ல தொகை இருந்தது; அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தகுதிநிலையைத் தக்கவைக்க மாதாமாதம் அவரே வாங்கிய சரக்கின் ரசீதுகளை அடுக்கினோம். பெட்ரோல், கருத்தரங்குக் கட்டணம், கோலாலம்பூர் மாநாட்டுக்குப் போன ஹோட்டல் செலவு எல்லாம் சேர்ந்தன. கழித்துப் பார்த்தபோது மிஞ்சியது ஒன்றுமில்லை. பின்னறையில் காலாவதித் தேதி நெருங்கிய பெட்டிகள்தான் இருந்தன. அந்த நிறுவனம் உரிமம் பெற்றதுதான். ஆகவே, சட்டப்படியானது என்பதையும் உங்களுக்கு லாபம் தருவது என்பதையும் தயவுசெய்து தனித்தனியாகவே பாருங்கள்.

2017இல் பினாங்கையே உலுக்கிய ஜேஜேபிடிஆர் விவகாரத்தில் விற்கப் பொருள்கூட இல்லை. அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி, மாதம் சுமார் 20 விழுக்காடு தருவதாகப் பணம் திரட்டினார்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் வந்தது. பிறகு கணக்குகள் ஊடுருவப்பட்டன என்று சொன்னார்கள்; பட்டுவாடா நின்றது. இங்கே 'மணி கேம்' என்று பெயர் தெரிந்தே சேர்ந்தவர்கள் உண்டு. தமக்குக் கீழே இன்னும் ஆள் வரும் என்பதுதான் அவர்களின் நம்பிக்கை. ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்த்தால் பத்தாவது அடுக்கில் மட்டும் 6 கோடிப் பேர் வேண்டும். மலேசியாவின் மொத்த மக்கள்தொகை மூன்றரைக் கோடியைத் தொடவில்லை.

இப்போது என் கவலை ஊழியர் சேமநிதியைப் பற்றியது. 2024 மே மாதம் நெகிழ்வுக் கணக்கு வந்தபின், அதில் உள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆள் பிடிப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அழைப்பவர் மச்சானாகவோ சித்தப்பாவாகவோ இருப்பதால் மறுக்க நாக்கு எழுவதில்லை. மறுக்கவே வேண்டாம், "மச்சான், உங்கள் சிபி58ஐயும் சரக்கு வாங்கிய ரசீதுகளையும் ஒன்றாகக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சேர்கிறேன்" என்று சொல்லுங்கள். நாளை முதல் புதியவர் ஒருவர்கூடச் சேராவிட்டால் உங்கள் வருமானம் எவ்வளவு இருக்கும் என்றும் கேளுங்கள். விற்காத சரக்கை நிறுவனம் திரும்ப வாங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மூடி வைக்க வேண்டாம். மோசடிக் கணக்குக்கு இப்போதுதான் இணையவழி பணம் அனுப்பியிருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழையுங்கள். பிரமிட் திட்டம் என்று சந்தேகம் இருந்தால் அமைச்சிடம் புகார் செய்யுங்கள். பொருள் வாங்கிய தகராறு என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. எங்கே போனாலும் ஆதாரம் கேட்பார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறுவதற்கு முன், அங்குள்ள குரல் பதிவுகளையும் வங்கிக் கணக்கு எண்களையும் சேமித்துக்கொள்ளுங்கள்.