வெட்டிவேருக்கு மணல் ஏன் வேண்டும்?

வெட்டிவேரில் எண்ணெய் இருப்பது வேரின் நடுக்கட்டையில் அல்ல, அதைச் சுற்றியுள்ள மெல்லிய பட்டையில். எண்ணெய்க்காகப் பயிர் செய்கிறவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எந்த நிலம், எந்த மாதம், எத்தனை மணி நேரம் வடிப்பது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

களிமண்ணிலும் வெட்டிவேர் செழிக்கும். தோண்டும்போதுதான் வினை. மண் கட்டியாகப் பிடித்துக்கொள்ள, மெல்லிய வேர்கள் அறுந்து நிலத்திலேயே தங்கும்; ஒட்டிய களியை அலசி உரசினால் பட்டையும் போகும். கொள்ளிடப் படுகையிலோ வேதாரண்யம் பக்கத்து மணலிலோ தூரை அசைத்து இழுத்தால் வேர் கொத்தாக வரும். இரண்டு அலசலில் சுத்தம்.

தென்னாட்டு ரகங்கள் பெரும்பாலும் விதை பிடிக்காது. தூரைப் பிரித்து, தழையை ஒரு சாணுக்கு நறுக்கி நடவேண்டும். மூலிகை, மணப்பயிர்களை ஆராயும் லக்னோவின் சிமாப் நிறுவனம் வெளியிட்ட ரகங்களில் குலாபியில் ரோஜாச் சாயலும் கேசரியில் குங்குமப்பூச் சாயலும் உண்டு. (விலாமிச்சையும் மணக்கும் வேர்தான், ஆனால் அது துளசிக் குடும்பம்; வெட்டிவேர் புல்.) 60-க்கு 45 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 15,000 நாற்று பிடிக்கும். ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் ஊன்றிவிடும்.

மணலின் குறை, உரம் நிற்காது. ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ யூரியாவை ஒரே தடவையில் போட்டால் அடுத்த மழையோடு அடியில் இறங்கிவிடும். மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்; அடியுரமாகத் தொழுவுரம் கட்டாயம்.

ஆடியில் நட்டது 18 மாதத்தில், மறு தையில், அறுவடைக்கு வரும். மழை ஓய்ந்து மணலில் லேசான ஈரம் மட்டும் இருக்கும் நேரம். ஓராண்டுக்குள் தோண்டினால் பட்டையில் எண்ணெய் சேர்ந்திருக்காது. இரண்டு ஆண்டைத் தாண்டினால் பட்டை உரிந்து கட்டைதான் மிஞ்சும். வேரின் எடையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வேரை நிழலில் உலர்த்தி, விரல் நீளத்துக்கு நறுக்கி, ஓர் இரவு ஊறவைத்து, ஆவியால் எண்ணெய் வடிக்கும் கலனான வாலையில் ஏற்றவேண்டும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். எலுமிச்சைப்புல்லுக்கு மூன்று மணி நேரம் போதும் என்பதால் இதையும் அரைநாளில் இறக்கிவிடுகிறார்கள். வெட்டிவேர் எண்ணெயில் உள்ள குசிமால் போன்ற கனமான பொருள்கள் எளிதில் ஆவியாகாதவை. கடைசியில்தான் வரும், மணம் நெடுநேரம் நிற்பதும் அவற்றால்தான். 18 முதல் 24 மணி நேரம் வடிக்கவேண்டும். இரும்பு வாலை எண்ணெயைக் கறுக்கச் செய்யும். துருப்பிடிக்காத எஃகுதான் ஏற்றது.

இந்த எண்ணெயின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தியே. அதனால் சட்டென்று மிதக்காமல் வடிநீரோடு கலங்கி நிற்கும். அந்த நீரைக் கொட்டாமல் மறுபடி வாலைக்கே திருப்புங்கள். இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் 100 கிலோ உலர்ந்த வேருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எண்ணெய் கிடைக்கும்.

வடித்த அன்று அதில் உருளைக்கிழங்குத் தோல் போன்ற பச்சை வாடை அடிக்கும். எண்ணெய் கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். நீர் ஒட்டாமல் பிரித்து, நிறக் கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி, சில மாதம் இருட்டில் வையுங்கள். வாடை அடங்கி வேரின் மணம் எழும்.