சந்திராஷ்டமம் படிப்பான், தண்ணி கேட்கமாட்டான்

போன வியாழக்கிழமை பெங்களூர் அல்சூரில் என் அறைக்கு வந்த ஒரு தாத்தா, தினசரி காலண்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஊரிலிருந்து வந்தது, மேலே துணிக்கடை விளம்பரம். பேரனுக்கு மூன்று வயது எட்டு மாதம். அன்றைய தாளை நீட்டினார். பையன் மடமடவென்று வாசித்தான்: "கீழ்நோக்கு நாள். ராகு காலம் 1.30 - 3.00. எமகண்டம். சந்திராஷ்டமம்." எங்கும் தட்டவில்லை. "பாத்தீங்களா டாக்டர்?" என்றார் தாத்தா. (நான் டாக்டர் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்ட். பதினேழு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு இப்போது விட்டுவிட்டேன்.)

அவர்கள் கேட்டு வந்தது ஐக்யூ டெஸ்ட். எந்த ஸ்கூலில் போட்டால் இந்தத் திறமை வீணாகாது என்று தெரிய வேண்டுமாம். பிளே ஸ்கூல் மிஸ் "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான்" என்று எழுதி அனுப்பியிருந்ததை, போகிற போக்கில் சொன்னார்கள்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பையனுக்கு என் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது. என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையைத் தூக்கி, பாட்டில் மூடிமேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் ஒரு கரண்டியை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டான். "தண்ணி வேணுமா?" என்றேன். "தண்ணி வேணுமா" என்றான், நான் கேட்ட அதே ராகத்தில்.

இந்த ஆறு மாதத்தில் இது ஐந்தாவது பிள்ளை. அதனால்தான் இந்தக் கட்டுரை. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

வாசிப்பது வேறு, புரிவது வேறு, பேசுவது வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் "ஆனா அவ்வளவு கஷ்டமான வார்த்தையெல்லாம் படிக்கறானே மேடம்" என்று மறுபடி அங்கேயே வந்து நிற்கிறார்கள். சரி, இப்படிப் பாருங்கள். நம் வீடுகளில் விஷ்ணு சகஸ்ரநாமத்தைத் தமிழ் எழுத்தில் பார்த்துப் பார்த்துப் பிழையில்லாமல் சொல்கிற எத்தனை பேர் இருக்கிறோம்? நடுவில் ஒரு நாமத்தை நிறுத்தி அர்த்தம் கேட்டால் முழிப்போம். தமிழும் கன்னடமும் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி வந்துவிடுகிற மொழிகள். அந்தச் சூத்திரம் பிடிபட்ட பிள்ளைக்குச் சந்திராஷ்டமமும் ஒன்றுதான், சட்னியும் ஒன்றுதான். இரண்டுமே அவனுக்கு அழகான எழுத்து வரிசைகள்.

இன்னொரு பெண் குழந்தை, ஒயிட்ஃபீல்டு பக்கத்திலிருந்து வருகிறாள். பெங்களூர் மெட்ரோ பர்ப்பிள் லைனின் 37 ஸ்டேஷனையும் வரிசையாக ஒப்பிப்பாள், அறிவிப்புக் குரலோடு: "முந்தின நில்தாண, ஹூடி." கன்னடத்தில் முந்தின என்றால் அடுத்தது. தமிழ்ப் பாட்டிக்கு அது போன ஸ்டேஷன். பாட்டி திருத்துவார், குழந்தை அசராது, வீடே சிரிக்கும். ஹூடியில் இறங்கணுமா, பாப்பாவுக்கு ஜன்னல் சீட் வேணுமா என்று கேட்டால் பதில் இல்லை. அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

இதற்கு ஹைப்பர்லெக்சியா என்று பெயர். 1967-இல் வைத்த பெயர். யாரும் சொல்லித்தராமலே மிகச் சிறு வயதில் எழுத்தைக் கூட்டிப் படிக்க வருவது, எழுத்தின்மேல் தீராத மோகம், ஆனால் புரிதல் அந்த உயரத்துக்கு வராமல் கீழேயே நிற்பது. 2017-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், பதிவான பிள்ளைகளில் 84 சதவீதம் பேர் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் பேச்சுப் பரிமாற்றமும் வேறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலை) உள்ளவர்கள். பதிவாகும் அளவுக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களே ஏதோ சிக்கலோடுதானே வருகிறார்கள், ஆகவே இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். மூன்று வயதில் படிக்கிற பிள்ளை எல்லாம் நோயாளி என்று நான் சொல்லவில்லை. கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு "கரடி ஏன் பாட்டி அழுவுது?" என்று உங்களைத் துளைத்தெடுக்கிறதா? அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வராதீர்கள், லைப்ரரிக்குப் போங்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்ப வேண்டும். ஒன்றே கால், ஒன்றரை வயதுக்குள் காக்காவை விரலால் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணாம்" என்று இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்க வேண்டும். ரைம்ஸ், தலைநகரங்கள், கார் பெயர்கள் இந்தக் கணக்கில் வராது. தயவுசெய்து அவற்றை என்னிடம் எண்ணிக் காட்டாதீர்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, பத்து நிமிட வேலை. குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். காது பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். பாட்டுக்கு ஆடறானே, காது நல்லாத்தான் இருக்கு என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் குழந்தை மனநலப் பிரிவு இருக்கிறது. மைசூரில் பேச்சு, செவித்திறனுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1965-லிருந்து இருக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

"ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசும்", "எங்க சித்தப்பாவே நாலு வயசுலதான் வாய் திறந்தாரு." இவற்றுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. வீட்டில் தமிழ், லிஃப்டில் கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ், அதான் குழம்பிட்டான் என்கிறார்கள். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வராது, பேச்சும் நின்றுபோகாது. "தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க" என்று அறிவுரை சொல்லும் என் தொழில்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. நாள் முழுக்கக் குழந்தையோடு இருப்பவர் அவர்தான். அவர் வாயையும் அடைத்துவிட்டால் குழந்தையிடம் பேச யார் இருக்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. "கணக்கு மேதை ராமானுஜனே மூணு வயசு வரைக்கும் பேசலையாமே மேடம்?" தாத்தாவும் கேட்டார். உண்மைதான், அவர் சரியாகப் பேசவில்லை. அதற்காக அந்த வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஊமையாகிவிடுவானோ என்று பயந்தார்கள். காஞ்சிபுரத்தில் தாய்வழித் தாத்தா, அரிசியைப் பரப்பி, குழந்தையின் கையைப் பிடித்து எழுத்து எழுதவைத்து அட்சராப்பியாசம் தொடங்கினார். அதன் பிறகுதான் பேச்சு வந்தது என்று வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஏறக்குறைய 1890-இல், எம்-சாட் இல்லாத காலத்தில், ஒரு குமாஸ்தா வீட்டில் செய்தது இது. நீங்கள் அபார்ட்மென்ட்டில் உட்கார்ந்துகொண்டு "தானா வரும்" என்கிறீர்கள்.

அன்றைக்கு இவ்வளவு நேரமும் பையனின் அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒன்றரை வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "நல்லா இருக்கற புள்ளைக்கு நீயே வாய் வைக்காத" என்று வீட்டில் அடக்கிவிட்டார்கள். கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்: "அம்மாங்கற எழுத்தக் காட்டினா படிக்கறான் மேடம். என்னைக் கூப்பிட்டதில்ல." ஏபிசி வீடியோ போட்டுக் கொடுத்ததால்தான் இப்படி ஆகிவிட்டதா என்று வேறு அழுதாள். இல்லை. போன் பார்ப்பதால் ஆட்டிசம் வராது. ஆனால் பேச்சுக்கான நேரத்தை அது தின்றுவிடும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. அதைச் செய்யுங்கள், குற்ற உணர்ச்சியை விடுங்கள். வீடுகளே, அம்மா "ஏதோ சரியில்லை" என்றால் ஒரு முறையாவது காது கொடுங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

மதிப்பீட்டுக்கு எழுதிக்கொடுத்தேன். பயந்துபோய் எழுத்தையெல்லாம் ஒளித்துவைக்கிற வீடுகளும் உண்டு. அதுவும் தப்பு. பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவே அதுதான். ஒரு தாளில் "அம்மா, தண்ணி வேணும்" என்று பெரிதாக எழுதிப் பாட்டில் பக்கத்தில் வைத்தேன். வாசித்தான். உடனே அம்மாவை ஒரு மடக்கு கொடுக்கச் சொன்னேன். மறுபடி வாசித்தான், மறுபடி ஒரு மடக்கு. மூன்றாவது முறை தாளை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு வாசித்தான். முதல் சொல்லில் அவள் முகத்தை அரை விநாடி பார்த்தான். பார்த்தது தாத்தாவுக்கும் தெரிந்தது.

எழுந்து போகும்போது அவர் காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். "கிழிச்ச தாளெல்லாம் வீட்ல சேத்து வெச்சிருக்கேன். பின்பக்கம் சும்மாத்தான் இருக்கு. அதுல எழுதலாமா?"

எழுதலாம் என்றேன். ஒரு தாளுக்கு ஒரு வாக்கியம்தான், சிவப்பு மை வேண்டாம்.