கார் டிக்கியில் இருக்க வேண்டிய கருவிகள்

நெடுஞ்சாலையில் நின்றுபோன காரைப் பார்க்க எங்கள் பணிமனையிலிருந்து ஆள் போகும்போது, பெரும்பாலும் அந்த டிக்கியில் ஏதேனும் ஒரு கருவிப்பெட்டி இருக்கவே செய்கிறது. ஆனால் ஸ்டெப்னியில் காற்று இருக்காது. அல்லது அலாய் வீலின் லாக் நட்டைக் கழற்றும் சாவி வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும். எனவே கருவிகள் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி, நிறுவனம் கொடுத்த ஜாக்கி, வீல் ஸ்பேனர், இழுவைக் கொக்கி, எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை உள்ளனவா என்று பார்த்துவிடுவது நல்லது. பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

அன்றே ஒரு சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தியும் பாருங்கள். பஞ்சர் கடைகளில் ஏர் கன்னால் முறுக்கப்படும் நட்டுகள் தேவைக்கு மேல் இறுகியிருப்பது வழக்கம். சிறிய கார்களின் நட்டுகளுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். அந்த அளவில் இருந்தால்கூட, 25 செ.மீ. கைப்பிடியுள்ள ஸ்பேனரின் நுனியில் சுமார் 40 கிலோ எடைக்கு இணையாக அழுத்த வேண்டும். கைப்பிடி 50 செ.மீ. நீளம் என்றால் அதில் பாதி போதும். ஆகவே நான் முதலில் வாங்கச் சொல்வது, நீட்டக்கூடிய கைப்பிடி கொண்ட வீல் ஸ்பேனர். பல கார்களுக்கு 19 அல்லது 21 மி.மீ. அளவு சாக்கெட் (நட்டைக் கவ்வும் குழல் முனை) பொருந்தும். உங்கள் நட்டில் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள்.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டு, அதன் பிறகுதான் ஜாக்கி ஏற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கதவுக்குக் கீழே விளிம்பில் வெட்டுக்குறி உள்ள இடத்தில் மட்டும் ஜாக்கியைப் பொருத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நுழைக்கவே கூடாது. சாலையோர மண்ணில் ஜாக்கி புதையாமலிருக்க, ஓரடி சதுரப் பலகைத் துண்டு ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். இது எந்தக் கடைப் பெட்டியிலும் வருவதில்லை.

டியூப்லெஸ் டயரும், டயர் அழுத்தம் காட்டும் அமைப்பும், பழுது நீக்கும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020-இல் இந்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. உங்கள் காரும் அப்படிப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆணி குத்திய ஓட்டையை ரப்பர் திரி செருகி அடைக்கலாம்; டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் திரியும் பயன்படாது, ஓட்டையை அடைக்க டயருக்குள் செலுத்தும் திரவமான சீலன்டும் பயன்படாது. 12 வோல்ட் காற்றடிப்பானை முதலில் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும்; காரின் 12 வோல்ட் மின் சாக்கெட்டுக்கான ஃபியூஸ் அதைத் தாங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பேட்டரி இறங்கிவிட்டால் வேறொரு காரின் பேட்டரியோடு இணைத்து ஸ்டார்ட் செய்ய ஜம்பர் கேபிள்கள் உதவும்; ஆனால் மலிவு விலைக் கேபிள்கள் ஏமாற்றுகின்றன: மேலே தடித்த பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய கம்பி. சிவப்புக் கேபிளை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டிவிட்டு, அதன் மறுமுனையை நின்றுபோன காரின் எஞ்சினில், பேட்டரியிலிருந்து தள்ளியுள்ள பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் கடைசியாக மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும் என்பதால், கடைசி இணைப்பின் தீப்பொறி அதனருகில் எழக் கூடாது. வேறு கார் இல்லாமலே ஸ்டார்ட் செய்ய உதவும் கையடக்க பேட்டரியான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள், சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுப்போகாதீர்கள்.

46 துண்டு சாக்கெட் செட்டில் பெரும்பகுதி சாலையோரத்தில் வெளியே வருவதே இல்லை. பல கார்களின் பேட்டரி முனைக்குப் பொருந்தும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர், இருமுனைத் திருப்புளி, கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், தலையில் மாட்டும் விளக்கு, கையுறை, சில ஃபியூஸ்கள் இருந்தால் போதும். பிளேடு வகை ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதில் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் அடுத்து எரிவது ஒயரிங்தான்.

வெப்பமானி சிவப்பைத் தொட்டால் எந்தக் கருவியையும் எடுக்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் இருங்கள். அழுத்தத்தில் உள்ள கூலன்ட் பீறிட்டுக் கை, முகத்தைப் பொசுக்கிவிடும்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. ஆகவே நான்குவழிச் சாலையில் முக்கோணத்தைப் பம்பருக்குப் பக்கத்தில் வைப்பதில் பயனில்லை. 100 மீட்டராவது பின்னால் போய் வையுங்கள். நடந்து போகும்போது தடுப்புக்கு வெளிப்புறமாகவே செல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033-ஐ அழைக்கலாம். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் அவர்கள் இடத்தை எளிதில் கண்டுபிடிப்பார்கள்.