பெரிய பல்ப் கேட்டு வருகிறவர்களுக்கு

ஒட்டன்சத்திரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. காய்கறி மார்க்கெட் ஊர். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இருட்டில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள்தான். இந்த இருபத்திரண்டு வருடத்தில் அதிகமாகக் காதில் விழுந்த வாக்கியம் ஒன்று உண்டு: “லைட்டு பத்தல, பெரிய பல்பாப் போட்டு விடுங்க.”

போன மாதம் ஒரு விவசாயி பல்சரோடு வந்தார். முருங்கைக்காய் மூட்டை கட்டிக்கொண்டு விடியுமுன் வருகிறவர். ஏற்கெனவே இரண்டு முறை பல்ப் மாற்றிவிட்டாராம். இப்போது இன்னும் பெரியதாக வேண்டுமாம். நான் பல்பைக் கழற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மீட்டரைப் பேட்டரியில் வைத்தேன்: 13.8 வோல்ட். ஹெட்லைட் டூமுக்குப் (பல்ப் உட்காரும் பளபளப்பான கிண்ணம்) பின்னால் ஹோல்டரில் வைத்தேன்: 11.6. பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணோம்.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையவே குறையும். 5 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் 15 சதவீதத்துக்கு மேல் போய்விடும். 10 சதவீதம் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு ஏறக்குறைய முழுக்குப் போட வேண்டியதுதான். இவர் வண்டியில் போனது 16 சதவீதம். கணக்குப் போட்டால், பாதிக்குக் கொஞ்சம் குறைவான வெளிச்சம் வயரிலேயே தொலைந்துபோயிருந்தது.

கைப்பிடி சுவிட்சைப் பிரித்தேன். உள்ளே டிம், பிரைட் மாற்றும் பித்தளைத் தகடு கருத்துப்போய் இருந்தது. எர்த் வயர் சேசிஸோடு சேரும் போல்ட்டில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முனையை மாற்றி முறுக்கி, மறுபடி மீட்டர் வைத்தேன்: 13.3. பழைய பல்பே பளிச்சென்று எரிந்தது. “பல்ப மாத்தலையா தம்பி?” என்று மூன்று தடவை கேட்டார். நான் ஏமாற்றிவிட்டேனோ என்று அவருக்குச் சந்தேகம். மாற்றாமலே காசு வாங்குகிறானே என்ற வருத்தமும் இருந்திருக்கலாம்.

அவர் கேட்டபடி பெரிய பல்பாக, 100/90 வாட்டில் (முதல் எண் பிரைட்டுக்கு, அடுத்தது டிம்முக்கு) போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 35/35 வாட். 12 வோல்ட்டில் 35 வாட் பல்ப் இழுப்பது ஏறக்குறைய 3 ஆம்பியர். 100 வாட் பல்ப் இழுப்பது 8 ஆம்பியருக்கு மேல். இழுக்கிற கரண்ட் இப்படி மூன்று மடங்குக்குக் கிட்டத்தில் போனால் வயரிலும் முனையிலும் உண்டாகும் சூடு மூன்று மடங்கோடு நிற்காது, எட்டு மடங்குக்குப் போய்விடும். கருத்துப்போன அந்தச் சுவிட்ச் தகட்டில் எட்டு மடங்கு சூடு! ஒரு மழைநாள் ராத்திரி, இப்படிப் பெரிய பல்ப் போட்ட ஒரு பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். ஹோல்டர் உருகிப் பல்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. டூமுக்குள் இருந்த வெள்ளிப்பூச்சு பல்புக்கு நேர்மேலே பழுப்பாகி, தோசைக்கல்லில் தீய்ந்த மாதிரி வட்டமாகத் தெரிந்தது. பல்புக்குக் கொடுத்த காசைப்போலப் பல மடங்கு டூமுக்கும் ஒயரிங்குக்கும் போனது. அதோடு சின்ன வண்டிகளின் சார்ஜிங் காயிலும் அந்த 35 வாட்டைக் கணக்கில் வைத்துச் செய்ததுதான். கூடுதலாக இழுத்தால் பேட்டரியிலிருந்துதான் போகும். காலையில் செல்ஃப் எடுக்காது.

சரி, வாட்டைக் கூட்டாமல் நல்ல பல்பாக எப்படி வாங்குவது? அதற்குப் பல்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கடையில் கேட்கிறவர்களுக்கு ஃபீஸ் போன பல்ப் ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டுவேன். கண்ணாடிக்குள் இரண்டு சுருள் கம்பிகள் இருக்கும். முன்பக்கம் இருக்கும் சுருளுக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு தாங்கி நிற்கும். அதுதான் டிம் லைட். அந்தக் கரண்டி கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை மறைத்துவிடும். அதனால் டூமின் மேல்பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, கீழே ரோட்டை நோக்கித் திரும்பும். எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போவதில்லை. பின்பக்கச் சுருளுக்குக் கரண்டி கிடையாது. அது பிரைட், டூம் முழுக்கப் பட்டுத் தூரத்துக்குப் பாயும். இந்தச் சுருள்கள் மில்லிமீட்டர் பிசகாமல் தன் இடத்தில் நின்றால்தான் டூம் ஒழுங்காக வேலை செய்யும். மலிவுப் பல்புகளில் சுருள் கோணலாக இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாட் சரிதான், வோல்ட் சரிதான், ஆனால் வெளிச்சம் மட்டும் வேப்பமரத்து உச்சியில் விழும்.

நம் ரோட்டில் அதிகம் ஓடும் ஹாலஜன் லைட் பைக்குகளுக்கு வருகிற பல்ப் பெரும்பாலும் இரண்டு வகை. ஸ்ப்ளெண்டர், பல்சர் மாதிரியானவற்றில் எச்எஸ்1, 35/35 வாட். கிளாசிக் 350, பழைய டியூக் மாதிரியானவற்றில் எச்4, 60/55 வாட். 13.2 வோல்ட்டில் சோதிக்கும்போது எச்4 பிரைட்டில் 1650 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தர வேண்டும், எச்எஸ்1 அதில் பாதி, 825. இரண்டும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டக் கூடாது என்பதற்காகத்தான் அடித்தட்டின் காதுகளில் வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அந்தக் காதை அரம் போட்டுத் தேய்த்து எச்4-ஐ உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அரம் கேட்கிற இடத்தில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம். சில ஸ்கூட்டர்களுக்கு வேறு அடித்தட்டு உள்ள சின்ன பல்ப் வரும். பழைய பல்பைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதுதான் சுலபம்.

வாங்கும்போது பல்பின் உலோகப் பகுதியைப் பாருங்கள். வகை, வோல்ட், வாட், கம்பெனி பெயர் பொறித்திருக்கும். தரமான பல்பில் வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி. போலியிலும் அச்சடிக்கிறார்கள் என்பது உண்மைதான். அதனால் பெட்டியைவிடக் கடைக்காரரைப் பார்த்து வாங்குங்கள்.

‘கூடுதல் வெளிச்சம்’ என்று எழுதி, அதே வாட்டில் விலை கூட விற்கும் பல்புகளும் உண்டு. நல்ல கம்பெனியுடையது என்றால் வித்தியாசம் நிஜமாகவே தெரியும். சுருளை நெருக்கமாகச் சுற்றி அதிகச் சூட்டில் எரியவிடுகிறார்கள். ஆனால் ஆயுள் குறைவு. 2017 ஏப்ரல் 1 முதல் வருகிற புது வண்டிகளில் பெரும்பாலும் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்க சுவிட்சே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் இந்தப் பல்பைப் போட்டால் அடிக்கடி மாற்றத் தயாராக இருக்க வேண்டும். நீலப் பூச்சுப் பல்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடியில் பூசிய நீலம் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பார்க்க ஸ்டைல், ரோட்டில் நஷ்டம்.

இப்போது எல்லாரும் கேட்பது எல்இடி. எல்இடி கெட்டது இல்லை. கம்பெனியே எல்இடி டூமோடு தரும் வண்டிகளில் அருமையாக இருக்கிறது. பிரச்சினை, ஹாலஜனுக்குச் செய்த டூமில் எல்இடி பல்பைச் செருகுவதில். ஹாலஜன் சுருள் சுற்றிலும் வெளிச்சம் விடும் ஒரு மெல்லிய கம்பி. எல்இடியோ ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள். அந்தச் சில்லு, சுருள் இருந்த அதே இடத்தில் இல்லாவிட்டால் டிம்முக்கும் பிரைட்டுக்கும் வித்தியாசமே இருக்காது. நேராக எதிராளி கண்ணுக்குப் போகும். ஆன்லைனில் ‘20,000 லூமென்’ என்று போட்ட ஒரு ஜோடியை ஒருவர் வாங்கிக்கொண்டு வந்து மாட்டச் சொன்னார். ஓர் எச்4 பல்ப் தருவது 1650 என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தப் பெட்டியில் இருந்த எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மாட்டி, கடைக்கு எதிர்ச்சுவரில் அடித்துக் காட்டினேன். டூமிலிருந்து இரண்டடி தள்ளிப் பார்த்தால் கண் கூசியது. ரோட்டில் நடு மட்டும் வெள்ளையாக, ஓரம் இருட்டாக இருந்தது. அவரே கழற்றச் சொல்லிவிட்டார்.

போட்டே தீருவேன் என்கிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, உங்கள் வண்டியில் ஹெட்லைட்டுக்கு வருவது ஏசியா டிசியா. வண்டியை நிறுத்தி வைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் லைட் நன்றாகவே கூடிக் குறைகிறதா? அப்படியென்றால் இன்ஜினில் கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேரே ஏசி வருகிறது. பழைய சின்ன வண்டிகள் பலவும் இப்படித்தான். அதில் டிசி எல்இடியைப் போட்டால் மினுக்கும், சீக்கிரம் செத்தும் போகும். இரண்டாவது, பல்புக்குப் பின்னால் விசிறியோ சூடு தணிக்கும் கட்டையோ துருத்திக்கொண்டிருக்கும். அதனால் ரப்பர் மூடி உட்காராது. ஐப்பசி மழையில் டூமுக்குள் மீன் வளர்க்கலாம்.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை விதிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 106 இன்னும் துல்லியம்: 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி வெளிச்சம் கீழ்நோக்கி விழ வேண்டும். ஒன்றரை மீட்டர் என்பது நடந்து வருகிற ஒருவரின் கண் உயரம். தைப்பூச நேரத்தில் எங்கள் ரோட்டில் ராத்திரி முழுக்கப் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகும். எதிர்வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசினவன், அந்த இரண்டு மூன்று வினாடி ஓரத்தில் நடக்கிறவரைப் பார்க்க மாட்டான்.

இதில் எனக்குக் கோபம் வரவழைக்கிற ஒரு பழக்கம் உண்டு. டிம் சுருள் மட்டும் அறுந்துபோயிருக்கும். “பிரைட்டு எரியுதுல்லண்ணே, அது போகட்டும் மாத்திக்கலாம்” என்று மாதக்கணக்கில் பிரைட்டிலேயே ஓட்டுவார்கள். புது பல்புக்கு ஒன்றும் பெரிய செலவு ஆகிவிடாது.

ஃபீஸ் போன பல்பை உடனே தூக்கிப் போடாதீர்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் எங்கோ கீறல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து சுருள் மட்டும் அறுந்திருந்தால் அதிர்வாக இருக்கலாம். டூம் போல்ட், பல்ப் கிளிப் ஆடுகிறதா என்று பார்ப்பேன். அறுந்த முனை உருகிக் குமிழாக நின்று, இரண்டு மாதத்துக்கு ஒரு பல்ப் போனால் எனக்குச் சந்தேகம், வோல்ட் ஏறாமல் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மேல்தான். டிசி வண்டியில் இன்ஜினை முறுக்கிப் பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 14, 14.5-க்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். வோல்ட் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். அங்கே எத்தனை நல்ல பல்ப் போட்டாலும் வீண்.

மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் தனியாகச் சூடேறிக் கண்ணாடி கெடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். மூன்று காதும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்து, கிளிப்பை மாட்டி, ரப்பர் மூடியை ‘மேல்’ அடையாளம் மேலே இருக்கும்படி அழுத்திவிடுங்கள்.

அப்புறம் சுவர். சமதளத்தில் வண்டியை நிறுத்தி 10 மீட்டர் தள்ளி ஒரு சுவரில் டிம் லைட்டை அடியுங்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, ஹெட்லைட் நடு உயரத்தைவிட அரைச் சாணிலிருந்து ஒரு சாண்வரை கீழே விழ வேண்டும். இல்லையென்றால் டூமுக்குக் கீழேயோ பக்கத்திலேயோ இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி இறக்குங்கள். தினமும் பின்னால் ஆள் வைத்தோ மூட்டை கட்டியோ ஓட்டுகிறவர் அந்தப் பாரத்தோடு உட்கார்ந்துதான் இதைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் அமுங்கினால் முன்னால் லைட் ஏறிவிடும். அந்த முருங்கைக்காய்க்காரரை மறுநாள் மூட்டையோடு வரச்சொல்லித்தான் ஸ்க்ரூவைத் திருப்பினேன்.