தேசிய குடும்ப நல ஆய்வில் நீங்கள் சொல்லும் விவரங்களுக்கு என்ன பாதுகாப்பு உள்ளது?

மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகத்தின் சார்பில் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் தேசிய குடும்ப நல ஆய்வு, 1992-93ஆம் ஆண்டில் தொடங்கியது. 2019-21இல் நடந்த அதன் ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்களைச் சேர்ந்த 6,36,699 குடும்பங்களும், 15 முதல் 49 வயது வரையுள்ள 7,24,115 பெண்களும், 15 முதல் 54 வயது வரையுள்ள 1,01,839 ஆண்களும் பங்கேற்றனர். வீட்டில் கழிப்பறை உண்டா, எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள் என்று எளிதாகத் தொடங்கும் கேள்விகள், படிப்படியாகக் கருச்சிதைவு, கருத்தடை, பாலியல் உறவு, கணவரின் வன்முறை ஆகியவற்றை நோக்கிச் செல்கின்றன. உடன்பிறந்தவரிடம்கூடச் சொல்லாத ஒன்றை முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்லும்போது, அது யார் கைக்குப் போகும் என்று அறிந்துகொள்ளும் உரிமை விடையளிப்பவருக்கு உண்டு. அந்த உரிமையைப் பற்றிய விளக்கமே இது.

முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது, இந்த ஆய்வு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அன்று என்பதாகும். 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி, கணக்கெடுப்பாளரின் கேள்விக்கு விடை சொல்ல மறுப்பது குற்றமாகும். அதே சட்டம், திரட்டப்பட்ட பதிவேடுகளை எவரும் பார்வையிட முடியாது என்றும் சொல்லிப் பாதுகாப்பு தருகிறது. குடும்ப நல ஆய்வில் அத்தகைய கட்டாயம் ஏதும் இல்லை. பங்கேற்பது முழுக்க முழுக்க உங்கள் விருப்பம். கேள்விகளைத் தொடங்குமுன் ஆய்வின் நோக்கம், அதற்கு ஆகக்கூடிய நேரம், விடைகள் இரகசியமாக வைக்கப்படும் என்ற உறுதி, விரும்பாத கேள்வியைத் தவிர்க்கலாம் என்பது, எந்த இடத்திலும் பேட்டியை நிறுத்திவிடலாம் என்பது ஆகிய அனைத்தையும் நேர்காணல் செய்பவர் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே அவர் மேற்கொண்டு செல்லலாம். மறுத்தால் ரேஷன் பொருளோ, உதவித்தொகையோ, மருத்துவமனைச் சிகிச்சையோ எதுவும் நிற்காது, ஏனென்றால் பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பது இந்த ஆய்வின் வேலையே அன்று. இந்த ஒப்புதல் உரையை அவசரமாக வாசித்துத் தள்ளிவிட்டுக் கேள்விக்குப் போய்விடும் பழக்கம் எங்கே இருந்தாலும், அதை ஒரு சிறு குறையாக நான் கருதவில்லை. பிற பாதுகாப்புகள் எல்லாம் அந்தச் சில நிமிடங்களின் மேல்தான் நிற்கின்றன. எனவே புரியவில்லையென்றால் மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

தரவுப் பாதுகாப்பு என்றவுடன் கணினியும் கடவுச்சொல்லும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உடல்நல ஆய்வில் இரகசியம் மிக எளிதாக உடையும் இடம், பேட்டி நடக்கும் அறைதான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கணவர் வாசலில் நிற்க, ஒரு பெண் சொல்லும் விடை உண்மையாக இருக்காது. உண்மையாக இருந்துவிட்டால் அது அவருக்கே ஆபத்தாக முடியலாம். இதை உணர்ந்துதான் பெண்களிடம் பெண்களும் ஆண்களிடம் ஆண்களும் பேட்டி காணும் வகையில் களக்குழுக்கள் அமைக்கப்படுகின்றன. ஐந்தாம் சுற்றின் ஒவ்வொரு குழுவிலும் மேற்பார்வையாளர் ஒருவர், பெண் நேர்காணலாளர் மூவர், ஆண் நேர்காணலாளர் ஒருவர், உடல்நலப் பரிசோதனை செய்பவர்கள் இருவர் என்று அமைந்திருந்தனர்.

குடும்ப வன்முறை பற்றிய பகுதிக்கு இதைவிடக் கடுமையான விதி உண்டு. ஒரே வீட்டில் தகுதியுள்ள பெண்கள் நால்வர் இருந்தாலும், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரிடம் மட்டுமே அந்தக் கேள்விகள் கேட்கப்படும். மற்ற மூவருக்கும் அப்படியொரு பகுதி இருப்பதே தெரிய வராது. ஆகவே ‘உன்னிடம் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்’ என்று வீட்டில் பின்னால் விசாரணை நடக்கும் வாய்ப்பு குறைகிறது. கேள்விகளைத் தொடங்குமுன் வேறு எவரும் காதில் வாங்கும் தொலைவில் இல்லை என்பதை நேர்காணலாளர் உறுதிசெய்ய வேண்டும். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட வேண்டும். புள்ளிவிவரம் குறைந்தாலும் பரவாயில்லை, பெண்ணுக்குத் தீங்கு வரக்கூடாது என்னும் முடிவு இது. இந்த ஆய்வு முழுவதிலும் எனக்கு மிகுந்த மதிப்பு உள்ள விதி இதுவே. ஐந்தாம் சுற்றில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 29 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள் என்றால், அப்படிச் சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு தனிமை கிடைத்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்ததாக, சொன்ன விடை சொன்னவரிடமிருந்து எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். தேர்வு முறையைத் தெரிந்துகொண்டால் இது நன்கு விளங்கும். ஒரு கிராமமோ நகர்ப்புறப் பகுதியோ ஒரு தொகுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதிலுள்ள வீடுகள் எல்லாம் பட்டியலிடப்பட்டு, அவற்றிலிருந்து 22 வீடுகள் தேர்வாகின்றன. எந்தெந்த வீட்டுக்கு ஆய்வுக்குழு போனது என்பது அந்த ஊருக்கே தெரியும். எனவே ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் தரவில் ஊரின் பெயர் மட்டும் இருந்தால்கூட, அந்த 22 வீடுகளில் எந்த வீட்டில் ஐந்து பெண் குழந்தைகள், எந்த வீட்டுத் தலைவிக்கு 62 வயது என்று கூட்டிப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே பெயரை நீக்குவதோடு வேலை முடிவதில்லை. பெயர், முகவரி, ஊர்ப்பெயர் ஆகிய அனைத்தும் நீக்கப்பட்டு, தொகுதி எண், குடும்ப எண், உறுப்பினரின் வரிசை எண் ஆகியவையே எஞ்சுகின்றன. வரைபட ஆய்வுக்காகத் தரப்படும் இருப்பிடப் புள்ளிகளும் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கப்படுகின்றன. நகர்ப்புறத் தொகுதியின் புள்ளி 2 கிலோமீட்டர் வரையிலும், ஊரகத் தொகுதியின் புள்ளி 5 கிலோமீட்டர் வரையிலும், ஊரகத் தொகுதிகளில் நூற்றில் ஒன்று 10 கிலோமீட்டர் வரையிலும், ஏதேனும் ஒரு திசையில், மாவட்ட எல்லையைத் தாண்டாமல் தள்ளி வைக்கப்படுகிறது. மாவட்ட அளவில் கணக்குத் தவறுவதில்லை, ஆனால் உங்கள் தெருவை எவரும் சுட்டிக்காட்ட முடியாது.

இந்தத் தரவை வாங்க விரும்பும் ஆய்வாளர் தம்மைப் பதிவு செய்துகொண்டு, எதற்காகக் கேட்கிறார் என்பதை எழுதித் தர வேண்டும். எந்தக் குடும்பத்தையும் தனிநபரையும் அடையாளம் காண முயலமாட்டேன் என்ற நிபந்தனைக்கும் அவர் உடன்பட வேண்டும்.

இரத்தப் பரிசோதனைக்குத் தனி ஒப்புதல் தேவை. கேள்விகளுக்கு விடை சொன்னவர் இரத்தம் தர மறுக்கலாம், ஒரு பரிசோதனைக்குச் சம்மதித்து மற்றொன்றை மறுக்கவும் செய்யலாம். 18 வயது நிறையாத, மணமாகாத பெண்ணாக இருந்தால் பெற்றோரோ காப்பாளரோ முதலில் சம்மதிக்க வேண்டும், அதன்பின் அந்தப் பெண்ணும் சம்மதிக்க வேண்டும். அம்மா சரியென்று சொல்லிவிட்டார் என்பதற்காகப் பெண்ணின் விரலில் ஊசி குத்தக்கூடாது. ஐந்தாம் சுற்றில் ஹீமோகுளோபின், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் முடிவுகள் அங்கேயே, அப்போதே பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டன.

எச்.ஐ.வி. பரிசோதனை மட்டும் முற்றிலும் வேறு முறையில் நடந்தது. 2005-06இல் நடந்த மூன்றாம் சுற்றில் முதன்முறையாக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தம் இதற்காகப் பரிசோதிக்கப்பட்டது. வடிதாளில் உலர்த்தப்பட்ட இரத்தத் துளியின் மேல் பெயர் இல்லை, பட்டைக் குறியீடு மட்டுமே ஒட்டப்பட்டது. நேர்காணல் விடைகளிலிருந்து அடையாளம் காட்டக்கூடிய எண்களை அகற்றிய பின்னரே இரண்டும் இணைக்கப்பட்டன. அதனால் எவருடைய முடிவையும் அவருக்கே திருப்பிச் சொல்ல இயலாது. இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் முடிவைத் திருப்பிச் சொல்வதென்றால் பெயரையும் முடிவையும் சேர்த்து வைக்க வேண்டும், சேர்த்து வைத்த பட்டியல் ஒருநாள் வேறு எவர் கைக்கும் போகலாம். தம் நிலையை அறிய விரும்பியவர்கள் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்கும் மையங்களுக்கு வழிகாட்டப்பட்டனர். இந்தப் பெயரில்லாப் பரிசோதனையால் கிடைத்த பயன் பெரிது. இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் 50 இலட்சத்துக்கும் மேல் என்று கருதப்பட்டு வந்த மதிப்பீடு, 2007இல் ஏறத்தாழ 25 இலட்சமாகத் திருத்தப்பட்டதில் இந்த ஆய்வின் முடிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டமும், ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது.

சட்டத்தின் நிலையையும் உள்ளபடியே தெரிந்துகொள்வது நல்லது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன, முதன்மையான கடமைகள் 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன. ஆனால் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் தேவைப்படும் தரவுக்கு அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்குக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. திரட்டிய தரவைக் கொண்டு அந்தத் தனிநபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது, விதிகளில் வகுத்துள்ள தர நெறிகளைப் பின்பற்ற வேண்டும். தேவையான அளவுக்கு மட்டும் தரவைத் திரட்டுவது, தேவை தீரும் வரை மட்டுமே வைத்திருப்பது, தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்வது ஆகியவை அந்த நெறிகளில் அடங்கும். முதல் நிபந்தனையை ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஆய்வில் நீங்கள் சொன்ன ஒரு விடையை வைத்து உங்கள் உதவித்தொகை நிறுத்தப்பட்டால், அந்த நொடியே அது புள்ளிவிவரப் பணி என்னும் தகுதியை இழக்கிறது. அதே வேளையில், விலக்கு இருப்பதனால் பாதுகாப்பின் பெரும்பகுதி நெறிமுறைக் குழுக்களையும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளையும், களப்பணியாளரின் பயிற்சியையும் சார்ந்தே இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. பயிற்சிக்கு ஒதுக்கும் நாட்களைக் குறைப்பது பாதுகாப்பைக் குறைப்பதற்குச் சமம்.

ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு வேறு எவரேனும் வந்தால் எப்படி அறிவது என்ற ஐயம் நியாயமானது. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வங்கிக் கணக்கு உங்களுக்கு உண்டா என்று ஆய்வில் கேட்பார்கள், கணக்கு எண்ணைக் கேட்பதில்லை. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணுக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை. இவற்றைக் கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பேட்டி முடிந்த சில நாட்களில் மேற்பார்வையாளர் மீண்டும் வந்து ஓரிரு கேள்விகளை மட்டும் கேட்டால் அஞ்ச வேண்டாம், பேட்டி உண்மையிலேயே நடந்ததா என்று சரிபார்ப்பது வழக்கமான நடைமுறையாகும். நீங்கள் சொன்னதை நேர்காணலாளர் அக்கம்பக்கத்தில் பேசினார் என்று தெரிய வந்தால், ஒப்புதலின்போது சொல்லப்பட்ட தொடர்பு விவரங்களின் வழியாகவோ குழுவின் மேற்பார்வையாளரிடமோ முறையிடலாம். இதற்காகவே, பேட்டியைத் தொடங்குமுன் அந்தத் தொடர்பு விவரங்களை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.